பக்கத்து வீட்டுக்காரருக்குக் கதையில் வேலை உண்டா: புறநகர் த்ரில்லர் நாவல்கள், எது தேறும் எது தேறாது

அட்டையைப் பார்த்தாலே தெரிந்துவிடும். இருட்டில் ஒரு வீடு, ஒரே ஒரு சன்னலில் மட்டும் விளக்கு, முன்னால் ஒழுங்காக வெட்டிவிட்ட புல்வெளி. தலைப்பில் வீடு, மனைவி, அடுத்த வீடு இந்த மூன்றில் ஒன்று எப்படியும் இருக்கும். பின்னட்டையில், இந்தத் தெருவில் எல்லோரிடமும் ஒரு ரகசியம் இருக்கிறது என்கிற தோரணையில் ஒரு வரி. பத்துப் பதினைந்து வருடங்களாக இந்த வகை நாவல்கள் வந்து குவிகின்றன, நானும் சலிக்காமல் வாங்கிப் படித்துக்கொண்டுதான் இருக்கிறேன். இதில் உருப்படியானது எது, சும்மா ஒப்பேற்றியது எது என்று பிரிக்க எனக்கு ஒரே ஒரு கேள்வி போதும். கதையிலிருந்து அக்கம்பக்கத்து ஆட்களை மொத்தமாகத் தூக்கிவிட்டால் கதை நடக்குமா? நடக்கும் என்றால் அது புருஷன் பெண்டாட்டி சண்டை, தெரு வெறும் பின்னணிப் படம். நடக்காது என்றால்தான் அட்டையில் சொன்ன சரக்கு உள்ளே இருக்கிறது என்று அர்த்தம்.

இந்தக் கேள்வியைக் கேட்டால் பெரிய பெயர்களே தடுமாறுகின்றன. முதலில் ஷாரி லபீனாவின் 'த கப்பிள் நெக்ஸ்ட் டோர்' (2016). இவர் கனடாக்காரர், எழுத்துக்கு வருவதற்கு முன் வழக்கறிஞராகவும் ஆங்கில ஆசிரியராகவும் வேலை பார்த்தவர், இவருடைய முதல் த்ரில்லர் இது. ஆன், மார்கோ என்று ஒரு தம்பதி. பக்கத்து வீட்டில் விருந்து. கைக்குழந்தையைக் கூட்டிவர வேண்டாம் என்று அந்த வீட்டுக்காரி சொல்லிவிட்டாள், குழந்தையைப் பார்த்துக்கொள்ள வரவேண்டிய பெண்ணோ கடைசி நேரத்தில் வரவில்லை. நடுவில் ஒரே சுவர்தானே, குழந்தை அழுதால் கேட்கிற மானிட்டரைக் கையில் வைத்துக்கொள்வோம், அரைமணிக்கு ஒருதரம் யாராவது போய் எட்டிப் பார்த்துவிட்டு வருவோம் என்று பேசிக்கொண்டு ஆறு மாதக் குழந்தையைத் தொட்டிலில் விட்டுவிட்டுப் போகிறார்கள். நள்ளிரவு தாண்டித் திரும்பி வந்தால் முன்கதவு லேசாகத் திறந்திருக்கிறது, தொட்டில் காலி.

இந்தத் தொடக்கத்துக்கு முழு மதிப்பெண் போடலாம். ஒரே சுவர் என்கிற அந்த ஒரு விஷயத்தை வைத்தே நம்மையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிடுகிறார். நாமாக இருந்தால் போயிருப்போமா, எத்தனை நிமிஷத்துக்கு ஒருதரம் பார்த்திருப்போம் என்று மனசு தானாகக் கணக்குப் போட ஆரம்பித்துவிடுகிறது, போலீஸ் வந்து அதே கணக்கை ஆனிடமும் மார்கோவிடமும் கேட்கும்போது நமக்கே கூசுகிறது. அப்புறம் பின்வாசலில் ஆள் நடமாட்டம் இருந்தால் தானாக எரியும் விளக்கு ஒன்று இருக்கிறது, அதன் பல்பை யாரோ திருகித் தளர்த்தி வைத்திருக்கிறார்கள் என்று துப்பறிவாளர் கண்டுபிடிக்கிறார். பல்பு கழற்றப்படவில்லை, உடைக்கப்படவில்லை, லேசாகத் திருகப்பட்டிருக்கிறது. அந்த வீட்டுப் பின்வாசலில் அப்படி ஒரு விளக்கு இருப்பது தெரிந்த ஆள் என்று பத்துப் பக்கம் விளக்குவதை அந்த ஒரு பல்பு செய்துவிடுகிறது.

அதோடு சரி. பாதிக்கு முன்பே கதை மார்கோவின் தொழிலில் விழுந்த அடி, ஆனின் பணக்காரப் பெற்றோர், பிணைத்தொகை என்று வேறு திசையில் ஓட ஆரம்பிக்கிறது. தலைப்பில் இருக்கிற பக்கத்து வீட்டுத் தம்பதிக்கு ஒரு வேலை கொடுத்திருக்கிறார், அது என்ன என்று இங்கே சொல்லப்போவதில்லை, ஆனால் அந்த வேலையை அவர்கள் அண்டை வீட்டாராக இல்லாமலேயே செய்திருக்கலாம். கடைசி அத்தியாயத்தில் ஒரு திருப்பம் வேறு. வாசகரை அதிர வைக்க வேண்டும் என்பதைத் தவிர அதற்கு ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை, அதுவரை பொறுமையாக வளர்த்த ஒரு பாத்திரத்தை நாலு பக்கத்தில் கலைத்துப் போடுகிறது.

இன்னொரு குறையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது இந்த ஒரு புத்தகத்தின் குறை மட்டும் கிடையாது. எழுத்தாளர் எல்லோருடைய தலைக்குள்ளும் மாறி மாறிப் போய் உட்காருகிறார். இவள் பயப்படுகிறாள், இவன் கவலைப்படுகிறான், துப்பறிவாளர் இவனை நம்பவில்லை என்று எல்லாம் சொல்கிறார். சரி, ஒருவனுடைய மனசுக்குள் நுழைந்து அவன் குழந்தையை நினைத்துத் தவிப்பதை வரிவரியாகச் சொல்லிவிட்டு, அதே மனசில் அந்த நேரத்தில் வேறு எதையும் நினைக்கவிடாத முக்கியமான ஒரு விஷயத்தை மட்டும் திரைபோட்டு மறைத்தால் அதற்குப் பெயர் சஸ்பென்ஸ் இல்லை, ஏமாற்று. வெளியில் இருந்து பார்த்து மறைக்கலாம். ஒரு பாத்திரமே தன் வாயால் சொல்லும்போது பொய் சொல்லி மறைக்கலாம். உள்ளே கூட்டிக்கொண்டு போய் உட்காரவைத்துவிட்டு மறைக்கக் கூடாது. இந்த வகை நாவல்களில் பத்துக்கு ஏழு இந்த இடத்தில்தான் வழுக்கி விழுகின்றன என்பது என் எண்ணம்.

ஆனுக்குப் பிரசவத்துக்குப் பிறகு வந்த மனச்சோர்வு இருக்கிறது, அதற்கு மருந்து எடுத்துக்கொண்டிருக்கிறாள். நாவல் இதைப் பெரும்பாலும் அவள் மேல் சந்தேகம் ஏற்றுவதற்குத்தான் பயன்படுத்திக்கொள்கிறது, அது எனக்கு உறுத்தியது. இதே சூழ்நிலையை அறுபது வருடங்களுக்கு முன்பே ஒருவர் எவ்வளவு நன்றாகச் செய்திருக்கிறார் என்று பார்க்க, சீலியா ஃப்ரெம்லின் என்ற பிரிட்டிஷ் எழுத்தாளரின் 'த அவர்ஸ் பிஃபோர் டான்' (1958) படிக்க வேண்டும். லூயிஸ் என்று ஒரு தாய். இராத்திரி முழுக்க அழுகிற கைக்குழந்தை. புருஷனுக்குத் தூக்கம் கெடுகிறது, பக்கத்து வீட்டில் இருந்து முணுமுணுப்பு வருகிறது, அழுகை சுவர் தாண்டிப் போகாமல் இருக்கக் குழந்தையைத் தள்ளுவண்டியில் போட்டுக்கொண்டு நடு இராத்திரியில் தெருவில் இறங்கி நடக்கிறாள். இதற்கு நடுவில் மாடியறைக்கு ஆசிரியை ஒருத்தி வாடகைக்கு வருகிறாள், அவளிடம் ஏதோ சரியில்லை என்று லூயிஸுக்குப் படுகிறது. ஆனால் நாள்கணக்கில் தூங்காத ஒருத்தி சொல்வதை யார் நம்புவார்கள்? அவளே தன்னை நம்பவில்லை. களைப்பு என்பதை அலங்காரமாக ஒட்டிவைக்காமல் கதையின் அச்சாணியாகவே வைத்திருக்கிறார் ஃப்ரெம்லின். 1960ல் இதற்கு, அமெரிக்காவில் குற்றப் புனைவுக்குத் தருகிற எட்கர் விருது கிடைத்தது. பிணங்களை அடுக்காமலேயே பக்கம் பக்கமாகப் பயப்பட வைக்கிற புத்தகம், போதாததற்கு இடையிடையே சிரிப்பும் வருகிறது. அக்கம்பக்கத்துப் பெண்கள் ஆளாளுக்குக் குழந்தை வளர்ப்பு அறிவுரையோடு வந்து நிற்கும் இடங்களைப் படித்துவிட்டு நான் தனியாகச் சிரித்தேன்.

லபீனாவிடமே திரும்பி வருகிறேன், ஏனென்றால் என் கேள்வியில் தேறுகிற ஒரு நாவலும் அவரிடம் இருக்கிறது. 'சம்ஒன் வி நோ' (2019). நியூயார்க் மாநிலத்தில் ஹட்சன் பள்ளத்தாக்கில் அமைதியான ஒரு புறநகர். ஒலிவியா என்ற தாய்க்கு ஒருநாள் தெரியவருகிறது, தன்னுடைய பதினாறு வயதுப் பையன் ஆள் இல்லாத வீடுகளுக்குள் இரவில் நுழைந்து அவர்களுடைய கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். காசு பணம் எதையும் தொடவில்லை, சும்மா பார்த்திருக்கிறான். தாய்க்கு மனசு கேட்கவில்லை. போலீசுக்குப் போனால் பையன் வாழ்க்கை போச்சு, சும்மா இருந்தால் தூக்கம் வராது. அதனால் இரண்டு வீடுகளுக்கு மன்னிப்புக் கடிதம் எழுதிக் கதவுக்கடியில் போட்டுவிட்டு வருகிறாள். பெயர் போடவில்லை.

நாவல் முழுவதும் அந்தக் கடிதத்தில்தான் நிற்கிறது, அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம். எழுத வைத்தது மனசாட்சி, பெயர் போட விடாதது பயம். இரண்டும் ஒரே தாளில் இருக்கின்றன. படிப்பவருக்கு மனசாட்சி கண்ணிலேயே படாது, நம் வீட்டுக்குள் யாரோ வந்திருக்கிறான் என்பது மட்டும்தான் படும். கடிதம் கிடைத்தவர்களில் ஒருத்தி அந்தத் தெருவுக்குப் புதிதாக வந்தவள், கார்மைன் என்று பெயர், தனியாக இருக்கிறாள். உங்களுக்கும் இப்படி ஒரு கடிதம் வந்ததா, இந்தத் தெருவில் எந்த வீட்டுப் பையன் இப்படி என்று அவள் வீடு வீடாகக் கதவைத் தட்ட ஆரம்பிக்கிறாள். அவள் வில்லி இல்லை. கேட்பது முழுக்க நியாயமான கேள்வி. ஆனால் அந்த நியாயமான கேள்வி ஒவ்வொரு வீட்டு வாசலிலும் வேறு ஒரு பீதியைக் கிளப்பிவிடுகிறது. என் கம்ப்யூட்டரில் என்ன இருந்தது? நான் அழித்தேனா? அவன் படித்திருப்பானா? இதே நேரத்தில் காணாமல் போயிருந்த ஒரு பெண், அதே தெருவில் குடியிருந்தவள், ஏரியில் மூழ்கிய கார் ஒன்றுக்குள் பிணமாகக் கிடைக்கிறாள். அவள் வீட்டுக்குள்ளும் பையன் போயிருக்கிறான்.

இதுதான் நான் தேடுகிற விஷயம். பையனுக்குத் தான் என்ன பார்த்தோம் என்பதே சரியாகத் தெரியாது. ஆனால் தெருவில் இருக்கிற பெரியவர்கள் ஒவ்வொருவரும் அவன் தன்னுடையதைத்தான் பார்த்துவிட்டான் என்று முடிவு கட்டிக்கொள்கிறார்கள். கொலை செய்தவனுக்கு மட்டும் மறைக்க ஏதோ இருக்கிறது என்றால் அது சாதாரணத் துப்பறியும் கதை. கொலை செய்யாத ஏழெட்டுப் பேருக்கும் மறைக்க ஏதோ இருக்கிறது, அந்தச் சில்லறை ரகசியங்களைக் காப்பாற்றத்தான் அவர்கள் போலீசிடம் பொய் சொல்கிறார்கள், அந்தப் பொய்கள் எல்லாம் சேர்ந்து நிஜக் கொலைகாரனுக்கு மறைவிடம் கட்டிக் கொடுக்கின்றன. இந்தக் கட்டுமானத்துக்கு ஒரு தெரு வேண்டும், தனி வீடு போதாது.

குறை இல்லாமல் இல்லை. பாத்திரங்கள் எல்லோரும் ஒரே குரலில் பேசுகிறார்கள், பெயரை மறைத்துவிட்டால் யார் பேசுகிறார் என்று கண்டுபிடிக்க முடியாது. தெருவில் பாதிப் பேருக்குக் கள்ளத்தொடர்பு இருப்பதுபோல ஒரு கட்டத்தில் தோன்றுகிறது, இவர்களுக்கெல்லாம் வேலைவெட்டியே இல்லையா என்று கேட்கத் தோன்றும். ஆடியோ புத்தகமாகக் கேட்க நினைப்பவர்கள் யோசித்துச் செய்யுங்கள், முதல் ஒரு மணி நேரத்தில் வந்து விழுகிற தம்பதிகளின் பெயர்களைப் பின்னால் புரட்டிப் பார்க்க வழி இல்லாமல் நான் திணறிப்போனேன். காகிதத்தில் படித்தால் ஓட்டமாக ஓடும்.

பெயர் போடாத கடிதம் என்றதும் ஷெர்லி ஜாக்சனின் 'த பாசிபிலிட்டி ஆஃப் ஈவில்' பற்றிச் சொல்லாமல் போக முடியாது. நாவல் இல்லை, சிறுகதை. 1965ல், அவர் இறந்து சில மாதங்கள் கழித்து அச்சில் வந்து, அடுத்த வருடம் எட்கர் விருது வாங்கியது. எழுபத்தொரு வயதான ஒரு மூதாட்டி, அந்தத் தெருவில் முதல் வீடு கட்டியவரின் பேத்தி, வீட்டு முன்னால் வளர்க்கும் ரோஜாச் செடிகளுக்கு ஊரே பெயர் பெற்றது, போகிற இடத்தில் எல்லாம் மரியாதை. இவர் வீட்டுக்கு வந்து, கலர் கலரான தாளில் பென்சிலால் பெரிய எழுத்தில் மொட்டைக் கடிதம் எழுதி ஊருக்குள் அனுப்பிக்கொண்டிருக்கிறார். உன் புருஷனைப் பற்றி, உன் குழந்தையைப் பற்றி, உன் மகளைப் பற்றி. நிரூபித்த விஷயம் ஒன்றும் கிடையாது, சந்தேகத்தை மட்டும் எடுத்துக் கொடுப்பார். அவர் மனசில் இது ஊருக்குச் செய்கிற சேவை. காலையில் கடைத்தெருவில் யாரைப் பார்த்தாலும், ஏன் முகம் வாடியிருக்கிறாய் என்று அன்போடு விசாரிப்பார், அந்த வாட்டத்துக்குக் காரணமே அவர் எழுதிய கடிதம். ஒலிவியா செய்ததற்கு நேர் எதிர், ஆனால் இரண்டிலும் பெயர் இல்லாத ஒரு தாள் தெருவை நாசம் பண்ணுகிறது. முந்நூறு பக்க நாவல்கள் செய்யத் திணறுவதை ஜாக்சன் ஒரே மூச்சில் படிக்கிற நீளத்தில் முடித்துவிடுகிறார், கடைசித் திருப்பமும் உண்டு, அது கதையின் முதல் பக்கத்தில் இருந்தே முளைத்து வருகிறது. இந்த வகை பிடிக்குமா பிடிக்காதா என்று தெரியாதவர்கள் காசு செலவழிக்கும் முன் இதைப் படித்துப் பார்த்துவிடலாம்.

ஏன் எப்போதும் புறநகர்? இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்காவில் கட்டப்பட்ட லெவிட்டவுன் என்ற புறநகர் பற்றிப் படித்தபோது கொஞ்சம் பிடிபட்டது. நியூயார்க் லாங் ஐலண்டில் 1947ல் தொடங்கி சில வருடங்களிலேயே 17,000க்கும் மேல் வீடுகள், ஏறக்குறைய எல்லாம் ஒரே அச்சு. வீடு வாங்குபவருக்கு நிபந்தனைகள் வேறு: வேலி போடக் கூடாது, புல்லை வெட்டாமல் விடக் கூடாது. வெள்ளையர்களுக்கு மட்டும்தான் வீடு என்பதும் அதில் ஒரு நிபந்தனை, நல்ல தெரு என்ற அந்தப் படம் யாரை வெளியில் நிறுத்தி வரையப்பட்டது என்பது அதிலேயே தெரிகிறது. வேலி இல்லாத ஒரே மாதிரி வீடுகள் வரிசையாக நின்றால் உன் வீடு எப்படி இருக்கிறது என்று எதிர்வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டே இருப்பார், நீயும் பார்த்துக்கொண்டே இருப்பாய். வெளியில் எல்லாம் தெரிய வேண்டும் என்று ஒரு சட்டம் இருந்தால் மறைக்க மிஞ்சுவது உள்ளே இருப்பது மட்டும்தான். தொலைக்காட்சியில் 'டெஸ்பரேட் ஹவுஸ்வைவ்ஸ்' 2004ல் இருந்து 2012 வரை எட்டு சீசன் ஓடியதும் இந்த முதலீட்டில்தான்.

இப்போது என் பட்டியலில் மேலே இருக்கிறவருக்கு வருகிறேன். லூயிஸ் கேண்டிலிஷ், லண்டன்காரர். இவருக்கு மட்டும் தெரு என்றால் என்ன என்று நன்றாகத் தெரிந்திருக்கிறது. 'அவர் ஹவுஸ்' (2018) தொடங்கும் இடம் பயங்கரம்: தெற்கு லண்டனில் ஃபி என்ற பெண் தன் வீட்டுக்குத் திரும்பி வருகிறாள், வாசலில் லாரி நிற்கிறது, யாரோ முன்பின் தெரியாதவர்கள் சாமான்களை உள்ளே இறக்கிக்கொண்டிருக்கிறார்கள், இந்த வீட்டை நாங்கள் வாங்கிவிட்டோம் என்கிறார்கள். பிரிந்திருக்கும் கணவன் பிராமைக் காணவில்லை. நான் மேலே சொன்ன மறைக்கிற பிரச்சனையைக் கேண்டிலிஷ் எவ்வளவு நேர்மையாகக் கையாள்கிறார் என்று பாருங்கள். ஃபி தன் கதையை ஒரு பாட்காஸ்ட் நிகழ்ச்சியில் சொல்கிறாள், கேட்பவர்கள் நடுநடுவே ட்வீட் போட்டு அவளைத் திட்டுகிறார்கள், பரிதாபப்படுகிறார்கள். பிராம் தன் பக்கத்தை ஒரு வேர்ட் கோப்பில் தட்டிக்கொண்டிருக்கிறான். இரண்டு பேருக்கும் எதிரில் ஆள் இருக்கிறது, அந்த ஆளிடம் எதைச் சொல்ல வேண்டும், எதை விழுங்க வேண்டும் என்பதற்கு அவரவர்க்குக் காரணம் இருக்கிறது. அதனால் கடைசியில் குட்டு உடையும்போது ஏமாந்துவிட்டோம் என்ற எரிச்சல் வருவதில்லை, அட, இதற்காகத்தான் இவள் அப்போது அப்படிச் சொன்னாளா என்று பின்னால் போய்ப் பார்க்கத் தோன்றுகிறது. 2019ல் பிரிட்டிஷ் புக் அவார்ட்ஸில் குற்றப் புனைவுக்கான விருது இதற்குத்தான் கிடைத்தது.

அந்தத் தெருவில் எல்லோருக்கும் வீட்டு விலைதான் மதம். யார் வீடு எவ்வளவுக்குப் போனது, மாடியில் ஓர் அறை எடுத்தால் எவ்வளவு ஏறும் என்பதைத் தவிர வேறு பேச்சு கிடையாது. அப்படிப்பட்ட தெருவில் ஒருத்தி வீட்டையே இழந்துவிட்டாள் என்றால் அக்கம்பக்கத்துக்கு அது வெறும் பரிதாபம் மட்டும் இல்லை, தங்கள் அஸ்திவாரமே ஆடுகிற மாதிரி. ஆனாலும் என் கேள்வியைக் கேட்டால் இது நடுவில்தான் நிற்கும், மோசடி நடப்பது பெரும்பாலும் கணவன் மனைவிக்கு இடையில்.

முழுசாகத் தேறுவது அவருடைய அடுத்த நாவல் 'தோஸ் பீப்பிள்' (2019). ஞாயிற்றுக்கிழமை கார்களை எல்லாம் அப்புறப்படுத்திவிட்டுப் பிள்ளைகளைத் தெருவில் விளையாட விடுகிற, அதற்காகப் பாராட்டெல்லாம் வாங்கிய ஒரு தெரு. மூலை வீட்டுக்கு டாரன் பூத் என்று ஒருவன் குடிவருகிறான். இராத்திரி பகல் பாராமல் சத்தமாகப் பாட்டு, வாசலில் பழைய கார்களைக் கொண்டுவந்து நிறுத்தி ரிப்பேர் வியாபாரம், அனுமதி வாங்காமல் கட்டட வேலை. பேசிப் பார்க்கிறார்கள், அவன் மசியவில்லை. புகார் கொடுக்கிறார்கள், அலுவலகம் நாள் கடத்துகிறது. பிறகு ஒரு சாவு விழுகிறது. இடையிடையே போலீஸ் விசாரணையில் ஒவ்வொரு வீட்டுக்காரரும் என்ன சொன்னார் என்று துண்டு துண்டாக வருகிறது.

இதில் எனக்குப் பிடித்தது, பெரிய ரகசியம் என்று ஒன்றும் இல்லை. டாரன் எதையும் மறைப்பதே இல்லை, அவன் பிரச்சனையே அதுதான். நாகரிகமான, படித்த, குழந்தைகளுக்கு நல்லது கெட்டது சொல்லிக் கொடுக்கிற மற்றவர்கள் ஒவ்வொருவரும் என்றாவது ஓர் இராத்திரி, தலையணையைக் காதில் அழுத்திக்கொண்டு, அவன் செத்துத் தொலைந்தால் தேவலை என்று நினைத்திருக்கிறார்கள். அந்த நினைப்புதான் அவர்கள் போலீசிடம் மறைப்பது. சத்தத்தை அனுபவித்தவர்களுக்கு இந்தப் புத்தகம் உடம்பில் ஏறும். பாட்டு நின்ற பிறகும் மறுபடி எப்போது ஆரம்பிப்பான் என்று காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருக்கிற அந்த நிலையை இவ்வளவு துல்லியமாக வேறு எங்கும் நான் படித்ததில்லை. படிக்கப் படிக்க நாம் எந்தக் கட்சி என்பதே குழம்பிவிடுகிறது, டாரனை வெறுப்பவர்களின் பேச்சில் அவன் நம்ம மாதிரி ஆள் இல்லை என்கிற வாடை அடிப்பதை மெதுவாகத்தான் கவனிக்கிறோம். நடுப்பகுதி கொஞ்சம் இழுவை, ஒரே புகாரை நாலு வீட்டில் இருந்து நாலு தரம் கேட்க வேண்டியிருக்கிறது. முடிவைப் பற்றி நண்பர்களுக்குள் சண்டை வரும். எனக்கு அது சரியாகப் பட்டது.

லியான் மோரியார்ட்டியின் 'பிக் லிட்டில் லைஸ்' (2014) பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள், அதனால் சுருக்கமாக. நாவல் நடப்பது ஆஸ்திரேலியாவில், சிட்னியின் கடற்கரைப் பக்கம், 2017ல் வந்த ஹெச்பிஓ தொடர் அதைக் கலிஃபோர்னியாவின் மாண்டரேவுக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டது, எட்டு எம்மி விருதும் வாங்கியது. தொடரை மட்டும் பார்த்தவர்கள் நாவலையும் படியுங்கள் என்பேன், காரணம் நாவலில் இருக்கிற நகைச்சுவை. பள்ளியில் நடக்கும் ஒரு விழா இரவில் யாரோ செத்துப்போகிறார்கள், யார் என்பதே கடைசி வரைக்கும் தெரியாது, நடுவில் மற்ற பெற்றோர்கள் நடந்ததைப் பற்றி ஆளுக்கொரு விதமாக உளறிக்கொட்டுகிறார்கள். அவர்கள் சொல்வதில் முக்கால்வாசி தப்பு. ஆனால் அந்த வம்புப் பேச்சுதான் தெரு. பள்ளி வாசல்தான் இங்கே பக்கத்து வீடு. ஐந்து வயதுப் பையன் ஒருவன் இன்னொரு குழந்தையின் கழுத்தை நெரித்தான் என்று ஒரு குற்றச்சாட்டு, அவனைப் பள்ளியை விட்டு நிறுத்தக் கையெழுத்து வேட்டை நடக்கிறது. இவ்வளவு கலாட்டாவுக்கு நடுவில், எல்லோரும் பொறாமைப்படுகிற ஒரு வீட்டில் ஒருத்தி அடிவாங்கிக்கொண்டிருப்பது ஒருவர் கண்ணிலும் படவில்லை. அவள் ஆலோசகர் சொன்னபடி கமுக்கமாக ஒரு ஃபிளாட்டை வாடகைக்கு எடுத்து, என்றாவது கிளம்பிவிட்டால் தேவைப்படும் என்று சாமான்களைக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கி அடுக்குகிற பகுதிதான் எனக்கு இந்த மொத்த வகையிலேயே மிகவும் பிடித்த பகுதி. அங்கே ஒரு திருப்பமும் கிடையாது.

'த கேர்ள் ஆன் த ட்ரெயின்' (2015) பற்றியும் கேட்பீர்கள். ரயில் சன்னல் வழியாகத் தினமும் ஒரு வீட்டைப் பார்த்து, அங்கிருக்கும் தம்பதிக்குத் தானே பெயர் வைத்து, தானே ஒரு வாழ்க்கையும் கற்பனை செய்துகொள்கிற ரேச்சல். அந்தக் கற்பனை அருமை. குடித்துவிட்டு முக்கியமான இரவு மட்டும் மறந்துபோகிறது என்கிற உத்தி அப்போதே பாதி பழசு, அதற்குப் பிறகு வந்தவர்கள் அதை அடித்துத் துவைத்துவிட்டார்கள். இப்போதெல்லாம் முதல் அத்தியாயத்தில் நாயகி இரண்டாவது கோப்பை ஒயின் ஊற்றினாலே புத்தகத்தை மூடிவிடலாமா என்று யோசிக்கிறேன்.

எதில் ஆரம்பிப்பது என்று கேட்டால், முதலில் ஜாக்சனின் சிறுகதை, பிறகு 'தோஸ் பீப்பிள்'. ஒரே இரவில் படித்து முடிக்க ஏதாவது வேண்டும், பிறகு அது மனசில் தங்காவிட்டாலும் பரவாயில்லை என்பவர்களுக்கு 'சம்ஒன் வி நோ'. ஃப்ரெம்லினைக் கைக்குழந்தை வைத்திருப்பவர்கள் கொஞ்ச நாள் தள்ளிப்போட்டுப் படிக்கலாம், அல்லது இப்போதே படித்து நம்மைப் போல ஒருத்தி இருந்திருக்கிறாள் என்று ஆறுதல் பட்டுக்கொள்ளலாம், உங்கள் இஷ்டம். 'அவர் ஹவுஸ்' 2022ல் பிரிட்டிஷ் தொலைக்காட்சியான ஐடிவியில் நாலு பகுதித் தொடராகவும் வந்தது, ஆனால் அதைப் பார்த்துவிட்டு நாவலைத் திறக்காதீர்கள். பாட்காஸ்டும் வேர்ட் கோப்பும் மாறி மாறிப் பேசுகிற அந்த விளையாட்டு, முடிவு தெரிந்துவிட்டால் பாதி போய்விடும்.

கைரேகை, தடயவியல், துப்பறிவாளரின் கெட்டிக்காரத்தனம் இதற்காகப் படிப்பவர்களுக்கு இந்த வகை சரிப்படாது. இங்கே போலீஸ் பெரும்பாலும் வரவேற்பறையில் உட்கார்ந்து, வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா என்று கேட்டுவிட்டுப் போகிறவர்கள்தான்.